ஒன்பதாவது வாசலில் கட்டைவிரல்

அத்தியாயம் – 14

போன வாரம் துளசிராமன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தீர்ப்புச் சொன்னார் அல்லவா? அதற்குக் கெடு இன்றைக்கு, சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி.

மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு மணவாள நகர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த இளைய மகன் விமல், பரத் என்ற சிநேகிதனோடு சேர்ந்து பதினெட்டு மாதமாக ஒரு வீடியோ கேம் செய்தான். பெயர் 'ஒன்பது வாசல்'. கடம்பத்தூர் பக்கத்தில் மூன்று ஏக்கர் நெல் பயிரிடும் அப்பாவுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

"ஊட்டுல இருக்கறவங்க சொல்லக்கூடாது. வெளிய யார்னா ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்லட்டும், உன்ன உட்டுர்றேன். இல்லன்னா திங்கக்கிழமை கம்பெனி பஸ்ஸு ஏறு" என்றார்.

"கட்டைவிரல் சொன்னா ஒத்துக்கிறியா நைனா?" என்று கேட்டான் விமல்.

'பொத்தான்' என்ற இணைய இதழில் பழைய பாணி ஆட்டங்களுக்கு விமர்சனம் எழுதும் ஆளுடைய புனைபெயர்தான் கட்டைவிரல். முகம் பார்த்து எழுதாத ஆள், யாருக்கும் வளையாத ஆள் என்று விமல் அப்பாவிடம் அரை மணி நேரம் புகழ்ந்தான். அப்பாவும் தலையாட்டினார்.

அந்தக் கட்டைவிரல் அதே கூடத்தில், அதே நேரத்தில், மாமனாருக்கு மோர்த் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

மூத்த மருமகள் கல்பனா. வீட்டைப் பொறுத்தவரை அவள் கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி செய்கிறவள். வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஜீவன் புருஷன் அன்புசெல்வன். அவனுக்கு இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரட்டை ஷிப்ட். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள், இனி ராத்திரிதான் பேச முடியும்.

ஆக, இந்தச் சனிக்கிழமையில் கல்பனா தனியாகத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

*

"நாஷ்டா துன்னுடா. இட்லி ஆறிப்போய்க் கெடக்குது" என்று மாமியார் ஜானகியம்மாள் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டாள்.

விமல் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான். சாப்பிடுவதற்கு அல்ல, அண்ணியிடம் பேசுவதற்கு.

"அண்ணி, ஆறு மணிக்கு மின்னாடி பொத்தான்ல விமர்சனம் போடமாட்டாங்கல்ல?"

"எனக்கு இன்னா தெரியும் விமலு?" என்றாள் கல்பனா. தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தாள். சட்னி அரைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இந்தத் தேங்காய் எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"போடமாட்டாங்க. எல்லாருக்கும் ஒரே டைம். அதுக்கு மின்னாடி யாரும் வெளிய உடக்கூடாது." கேட்ட கேள்விக்கு அவனே பதில் சொல்லிக்கொண்டான். "கம்பெனிக்கு ஆள் புடிக்கிற ஆசீர்வாதம் அண்ணன்கிட்ட நைனா கரெக்டா போன்ல பேசி வெச்சிட்டாரு. 'திங்கக்கிழமை பர்ஸ்ட் ஷிப்டு, பையன் வருவான்'னு. அங்க கேட்டு மூடற சத்தம் இருக்கு பாருங்க அண்ணி, முதுகுக்குப் பின்னால கேக்கும். ரெண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு அப்புறம் எனக்கு மூச்சு சரியா வந்ததே இல்ல."

"இன்னாத்துக்கு இப்ப அத நெனச்சிக்கினு."

"நெனைக்கல. கட்டைவிரல் இருக்காரு. அவரு ஆட்டத்த முடிக்காம ஒரு வரி எழுதமாட்டாரு. அவரோட ரூல் அது. முடிச்சவங்க யாரும் நம்ம கேம மட்டமா பேசமுடியாது அண்ணி."

கல்பனா துருவலை நிறுத்திக்கொண்டாள். விரலில் பட்டுவிட்டது.

*

இங்கே கல்பனாவின் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால், அவள் செய்த காரியத்தின் கனம் உங்களுக்குத் தெரியாது.

பழைய பாணி ஆட்டம் என்றால் பழைய ஆட்டம் இல்லை. இன்றைக்கு ஒருவரோ இருவரோ வீட்டில் உட்கார்ந்து செய்வது. ஆனால் பார்ப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முந்தியதுபோல இருக்கும். சதுரம் சதுரமாகப் புள்ளி, ஏழெட்டு நிறம், டிங் டிங் என்று சத்தம், மூன்றே உயிர். புள்ளி வைப்பது யாருக்கும் கைவரும். அதற்குக் கல்பனா மயங்க மாட்டாள். பொம்மை குதித்து இறங்கும்போது அதற்கு எடை இருக்கிறதா என்று பார்ப்பாள். ஆட்டம் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் அது நியாயமான கஷ்டமா என்று பார்ப்பாள். "செத்தால், 'ச்சே, நான்தான் தப்புப் பண்ணேன்' என்று தோன்ற வேண்டும். 'இவன் ஏமாற்றிவிட்டான்' என்று தோன்றினால் ஆட்டம் தோற்றது" என்று அவள் எப்போதோ எழுதியதை வாசகர்கள் இன்னும் எடுத்து எடுத்துப் போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒரு விதி. முடிக்காமல் எழுதுவதில்லை.

'ஒன்பது வாசல்' இதழுக்கு வந்தபோது ஆசிரியை நர்மதா அதை இவளுக்குத்தான் ஒதுக்கினாள். முதல் திரையிலேயே விமல், பரத் என்று பெயர் வந்தது. 'இது என் கொழுந்தனுடையது, வேறு ஆளுக்குக் கொடுங்கள்' என்று கல்பனா அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கட்டைவிரல் விமர்சனம் வராது. வராவிட்டால் மாமனார் சொன்ன சொல் தானாகவே திங்கட்கிழமைப் பஸ்ஸில் ஏறிவிடும். பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

முதல் எட்டு வாசல்களையும் இரண்டு நாளில் தாண்டினாள். மெய்யாகவே நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறோமோ என்று ஒவ்வொரு இடத்திலும் தன்னையே சந்தேகப்பட்டாள். யாருக்கும் வளையாத கட்டைவிரல் கொழுந்தனுக்கு வளைந்துவிடுமோ?

ஒன்பதாவது வாசலில் ஓர் அறை. கட்டில், அடுப்பு, மூலையில் ஒரு பானை, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா. கதவு திறந்தே இருக்கிறது. சின்னப் பொம்மை கதவுக்கிட்டே போனால் அம்மாவின் தலைக்கு மேல் 'எங்க போற?' என்று எழுத்து வரும். கதவு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

நான்கு நாள் அந்த அறையில் கிடந்தாள். செங்கல் செங்கலாகத் தட்டினாள், கட்டிலில் ஏறிக் கூரையை முட்டினாள், சாவி தேடினாள், பானைமேல் நூறு தடவை குதித்தாள். ஆட்டம் செய்தவர்களிடம் இதழ் மூலமாக வழி கேட்கலாம், எல்லோரும் கேட்பார்கள். கட்டைவிரல் வழி கேட்பதா என்று வீம்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கெடு முடிகிற நேரத்தில், கோபத்தோடு எழுதி அனுப்பிவிட்டாள்.

'எட்டு வாசல் வரை நேர்மையாக வந்த ஆட்டம், ஒன்பதாவதில் நம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்துவிடுகிறது. இது சவால் இல்லை, பிழை. பிழையை வெளியிடும் முன்னால் ஒரு தடவையாவது இவர்கள் விளையாடிப் பார்த்திருக்கலாம்.'

படிவத்தின் கீழே இரண்டு கட்டங்கள். 'ஆட்டத்தை முழுவதும் விளையாடி முடித்தேன்.' 'செய்தவர்களுக்கும் எனக்கும் உறவு இல்லை.' இரண்டிலும் டிக் அடித்தாள்.

*

பதினொரு மணிக்கு மேல் அவளால் அந்த வீட்டில் நிற்க முடியவில்லை. கூடத்தில் மாமனார் இப்போதே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விமல் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். கோதுமைப் பையை எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்கு என்று கிளம்பினாள். செருப்பில் கால் நுழைத்து, வெளிக்கதவைத் தாண்டியும் விட்டாள்.

"எங்கமா போற?" என்று உள்ளேயிருந்து ஜானகியம்மாள் கேட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, போறவள கேட்டுட்டேன் பாரு. வா வா, உள்ள வந்து குந்து. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்புறமா போ."

கல்பனா வழக்கம்போலத் திரும்பி வந்தாள். வழக்கம்போல உட்கார்ந்தாள். மாமியார் நீட்டிய சொம்பை வாங்கி வாயில் வைத்தாள்.

தண்ணீர் பாதித் தொண்டையில் நின்றது.

"இன்னாமா, பொறை ஏறிச்சா?"

கல்பனா பையை அங்கேயே போட்டுவிட்டு அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்தச் சொம்புத் தண்ணீரை அவள் எத்தனை தடவை குடித்திருப்பாள்! ஆரணியில் அவள் பிறந்த வீட்டிலும் இதே கதைதான். ஆனால் பாருங்கள், கூடத்தில் இருக்கும்போது அவள் மருமகள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கட்டைவிரல். இருவரும் சந்தித்துக்கொண்டதே இல்லை. பூட்டிய கதவைப் பார்த்தால் சாவி தேடு என்று உலகத்து ஆட்டங்கள் எல்லாம் கட்டைவிரலுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

மடிக்கணினியைத் திறந்தாள். அறை, கட்டில், அடுப்பு, பானை. பொம்மையைக் கதவுக்கிட்டே நடத்தினாள். 'எங்க போற?' கதவு மூடியது. பொம்மையைத் திருப்பிக் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு பானைக்கிட்டே போய்க் கீழ்ப் பொத்தானை அழுத்தினாள். பொம்மை குனிந்தது. தண்ணீர் குடிக்கிற ஒரே ஒரு சின்னச் சத்தம்.

கதவு திறந்தது. ஆட்டத்தில் பிழை இல்லை. தப்பு அவள்மேல்தான்.

அதற்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு மணி நேர ஆட்டம் இருந்தது. முதல் எட்டு வாசலில் அவள் வாளால் வெட்டித் தள்ளிய ஆட்கள் எல்லாம் வழி நெடுக உட்கார்ந்திருந்தார்கள். வாள் பொத்தான் இப்போது வேலை செய்யவில்லை. ஒவ்வொருத்தன் முன்னாலும் நின்று, அவன் சொல்வதைக் கடைசி வரை கேட்டால்தான் வழி விட்டான். பதினோரு வருஷமாக ஆட்டம் ஆடுகிறாள், இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. முடிந்தபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தால் அழுகையைத் தவிர வேறு என்ன வரும்?

*

"விமர்சனத்த மாத்தணுமா? முடிச்சேன்னு டிக் பண்ணியிருக்கீங்களே கல்பனா?" என்றாள் நர்மதா போனில்.

"முடிக்கலங்க. பொய்யா போட்டுட்டேன். இப்பதான் முடிச்சேன்."

நர்மதா நல்ல பெண், ஆனால் கறார். "நாலு வருஷத்துல இது முதல் தடவை. அதனால விடுறேன். அஞ்சு மணிக்குள்ள திருத்தி அனுப்புங்க. படிவத்தையும் புதுசா நிரப்புங்க."

தப்பித்தோம் என்று கல்பனா உட்கார்ந்தாள். அவ்வளவு வேகமாக அவள் எழுதியதே இல்லை. 'நான் நான்கு நாள் சாவி தேடினேன். தேடியது என் பிழை' என்று ஆரம்பித்தாள். வரிகள் தாமாகவே வந்தன. நாலரை மணிக்கு முடித்து, படிவத்தின் கீழே வந்தாள்.

முதல் கட்டத்தில் தைரியமாக டிக் அடித்தாள். இரண்டாவது கட்டத்தில் கை நின்றுவிட்டது.

நேற்று இதே கட்டத்தில் டிக் அடித்தபோது உறுத்தவே இல்லை. திட்டுகிறோம் என்பதால் உறுத்தவில்லை. பாராட்டும்போது உறுத்துகிறது. டிக் அடித்தால் விமல் தப்பிப்பான், ஆனால் அவன் நம்புகிற கட்டைவிரலின் பாராட்டு, அண்ணி கொழுந்தனுக்கு எழுதிக்கொடுத்த சான்றிதழ் ஆகிவிடும். என்றைக்காவது ஒருவன் கண்டுபிடிப்பான். அன்றைக்கு 'ஒன்பது வாசல்' மொத்தமும் மோசடி என்று ஆகிவிடும். டிக் அடிக்காவிட்டால் விமர்சனமே வராது. எந்தப் பக்கம் நடந்தாலும் சுவர்தான். அன்புசெல்வன் நம்பரை அழுத்தினாள். கும்மிடிப்பூண்டிக் கேட்டுப் பெட்டிக்குள் அது அணைந்துதான் கிடந்தது.

கதவைத் தட்டினார்கள்.

"அண்ணி, உடம்பு சரியில்லையா? அம்மா கேக்குது" என்றான் விமல் வெளியே நின்று.

"ஒண்ணுமில்ல விமலு. தலவலி."

"ஒண்ணு கேக்கவா அண்ணி? அந்த ஒன்பதாவது ரூம நம்ம ஊட்டுல இருந்துதான் எடுத்தேன். கம்பெனிக்குப் போவச்சொல்லோ யாரும் எங்க போறன்னு கேக்கமாட்டான். உள்ள தள்ளி மூடுவான். ஊட்டுல மட்டும்தான் கேப்பாங்க. கட்டைவிரலுக்கு அது புரிஞ்சிருக்கும்ல?"

"புரிஞ்சிருக்கும்" என்றாள் கல்பனா.

அவன் படியேறும் சத்தம் ஓய்ந்ததும் நர்மதாவைக் கூப்பிட்டாள். அவனிடம் இன்னொரு பொய் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

"நர்மதா, செஞ்சவங்கள்ல விமல்ங்கறது என் கொழுந்தன். ஒரே வீடு."

"என்னங்க இது!" என்று நர்மதா கிட்டத்தட்டக் கத்தினாள். "இத முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லையே. இப்ப ரெண்டு விமர்சனமும் வராது. வேற ஆள் புதுசா ஆடணும், ஒரு வாரம் ஆகும். ஆறு மணிக்கு ஒரு குறிப்புதான் போட முடியும்."

"என்னான்னு போடுவீங்க?"

"உண்மைய" என்றாள் நர்மதா.

*

ஆறு மணி. துளசிராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜானகியம்மாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள். விமல் போனைத் திறந்தான். கல்பனா சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"சத்தமா படிடா" என்றார் அப்பா.

"'ஒன்பது வாசல் விமர்சனம் நிறுத்தி வைக்கப்படுகிறது'" என்று படித்தான் விமல். அவனுக்குப் புரியவில்லை. மேலே படித்தான். "'எங்கள் விமர்சகர் கட்டைவிரல் ஆட்டத்தை முடிக்காமலே முதலில் எழுதினார் என்பதும், ஆட்டத்தைச் செய்தவர்களில் ஒருவருக்கு நெருங்கிய உறவினர் என்பதும் இன்று தெரியவந்தது. அடுத்த வாரம் வேறொருவர் எழுதுவார். வருந்துகிறோம்.'"



"உறவினரா?" என்றார் துளசிராமன் மெதுவாக. பிறகு எழுந்து நின்றார். "அடப்பாவி. வளையாத ஆளு, மொகம் பாக்காத ஆளுன்னு அரை மணி நேரம் அளந்தியேடா! சொந்தக்காரனையே செட் பண்ணி வெச்சிக்கினு, என்கிட்ட வந்து பந்தயம் கட்டினியா?"

"சத்தியமா இல்ல நைனா! எனக்கு அவரு யாருன்னே தெரியாது. பரத்து சைடுல யார்னா..."

"பொய் மேல பொய் சொல்லாத! நெல்லுல பதர கலந்து வித்தவன் கூட இப்டி..."

தான் சொன்ன உண்மை விமலைத் திருடனாக்கும் என்று கல்பனா யோசிக்கவே இல்லை. எல்லாப் பக்கமும் யோசித்தவள் இந்த ஒரு பக்கத்தை விட்டுவிட்டாள்.

"மாமா, அவனுக்கு எதுவும் தெரியாது" என்று முன்னால் வந்தாள். "கட்டைவிரல் நான்தான்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அப்ப டேட்டா என்ட்ரி?" என்றாள் ஜானகியம்மாள்.

"அது இல்ல அத்த. இதுதான். நாலு வருஷமா இதுதான்." கல்பனா மாமனார் பக்கம் திரும்பினாள். கை கூப்பிவிட்டாள், கூப்பியது அவளுக்கே தெரியவில்லை. "தப்பு முழுக்க என்னுது மாமா. ஒன்பதாவது வாசல தாண்டத் தெரியாம, அவசரப்பட்டு அவன் கேம தப்பா எழுதினேன். அப்புறம் முடிச்சேன். மெய்யாலுமே நல்ல கேமு. நான் சொன்னா செல்லாது, தெரியும். வேற ஆளு அடுத்த வாரம் எழுதுவாங்க. ஒரே ஒரு வாரம் டைம் குடுங்க மாமா. அதுவரைக்கும் அவன அனுப்பாதீங்க."

துளசிராமன் மருமகளை வெகுநேரம் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. மெதுவாக உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இறங்குவது அவர் தோளில் தெரிந்தது.

"ஒரு வாரந்தானே..." என்று இழுத்தார்.

விமல் அப்பாவைப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவளிடம் சொன்னது எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயிற்று.

"இந்த ஊட்டுல இருந்துக்கினு நீங்களே அத மொதல்ல தாண்டல" என்றான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வேற ஆளு இன்னா அண்ணி தாண்டப்போறான்?"

"விமலு, நான் சொல்றத கேளு..."

அவன் கேட்கவில்லை. கையில் இருந்த போனில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஒரு நம்பரை அழுத்திக் காதில் வைத்தான்.

"ஆசீர்வாதம் அண்ணே, விமல் பேசறேன். திங்கக்கிழமை வரைக்கும் இன்னாத்துக்கு? நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஆளு பத்தலன்னு நைனாகிட்ட சொன்னீங்களாமே. பஸ்ஸ மணவாள நகர்ல நிறுத்தச் சொல்லுங்க. வந்துர்றேன்."